ஊசித் துப்பாக்கிக்கு ஒரு ரெயில்

வனவர் பொன்னுரங்கம் சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. குருவுக்கு அவரைவிடப் பன்னிரண்டு வயது குறைவு.

குருவின் பெயர் ஆபிதா. வனத்துறையில் கால்நடை மருத்துவர். காட்டு யானைக்கு மயக்க ஊசி போட வேண்டுமென்றால் மலையின் இரண்டு பக்கத்திலிருந்தும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒல்லியான தேகம். மெல்லிய குரல். அந்தக் குரலுக்குக் கும்கி யானைகள் காதை ஆட்டுவதை நிறுத்திவிட்டு நிற்கும்.

பொன்னுரங்கமும் லேசுப்பட்ட ஆள் இல்லை. துறை விளையாட்டுப் போட்டிகளில் துப்பாக்கி சுடுவதில் தங்கம் வாங்கியவர். ஏலமுடி முகாமுக்குப் புதிதாக வரும் காவலர்கள்கூட, "யாரு, கோல்டு மெடல் சாரா?" என்று கேட்பார்கள். அது காதில் விழுந்தால் விழாதவர்போல நடந்துகொண்டே மீசையைத் தடவிக்கொள்வார்.

ஒரு முறை டாக்டர் ஒரு யானைக்கு ஊசி போட்டதை அவர் பக்கத்தில் நின்று பார்த்தார். மூங்கில் புதருக்குள் யானையின் தொடை மட்டும் ஒரு முறம் அளவுக்குத் தெரிந்தது. அதுவும் நகர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் துப்பாக்கியைத் தூக்கியதும் தெரியவில்லை, இறக்கியதும் தெரியவில்லை. ஊசி தொடையில் நின்றது.

அன்று மாலையே அவர் டாக்டரிடம் போய் நின்றார்.

"எனக்கு இதைக் கத்துக்கொடுங்க டாக்டர்."

"சுடத்தான் உங்களுக்குத் தெரியுமே அண்ணே."

"அட்டையைச் சுடத் தெரியும்."

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கோபம் வருமா?"

"வரும்."

"வந்தா என்ன செய்வீங்க?"

"எந்திரிச்சு நடந்துருவேன். தணிஞ்சதும் திரும்பி வருவேன்."

"அப்ப வாங்க."

அவ்வளவுதான் தீட்சை.

அதற்குப் பிறகு அவர் டாக்டரோடு பல காடுகளுக்குப் போனார். மருந்துப் பெட்டியைத் தூக்கினார். யானை காதை விரித்தால் என்ன, தும்பிக்கையைச் சுருட்டினால் என்ன, வாலைத் தூக்கினால் என்ன என்று கற்றுக்கொண்டார். துப்பாக்கியைத் துடைத்தார், எண்ணெய் போட்டார். சாக்கு மூட்டைகளை மட்டும் சுட்டார். யானையைச் சுடும்படி டாக்டர் ஒரு நாளும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அந்த மழைக்காலம் முடிந்த கையோடு ஒற்றைக் கொம்பன் வந்தான்.

வலதுபக்கத் தந்தம் மட்டும் உள்ள பெரிய ஆண் யானை. எங்கோ பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பி அவன் முன்னங்காலில் மாட்டி, சதைக்குள் இறங்கிவிட்டது. கால் வீங்கி, புண் சீழ் பிடித்து, வலி பொறுக்காமல் தேயிலைத் தோட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தான். ஒரு டிராக்டரைக் கவிழ்த்துப் போட்டான். இலை பறிக்கும் பெண்களைத் துரத்தினான். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் ஆகிவிடும் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

அவனைப் பிடித்து மரக்கூண்டில் அடைத்துவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு ஓடியது. கூண்டுக்குள் போன யானை மறுபடி காட்டைப் பார்ப்பது அரிது.

"கம்பியை எடுத்துட்டா அவன் பாட்டுக்குப் போயிருவான் சார். ஒரு தடவை விடுங்க" என்று டாக்டர் மாவட்ட வன அலுவலரிடம் கேட்டு வாங்கினார்.

"ஒரே தடவை" என்றார் அலுவலர்.

துப்பாக்கியை வெளியே எடுத்தபோதுதான் அதன் ரெயில் கீறல் விட்டிருப்பது தெரிந்தது.

ரெயில் என்பது துப்பாக்கியின் முதுகில் திருகிப் பொருத்தும் ஓர் உலோகப் பட்டை. வேட்டைத் துப்பாக்கியானாலும் ஊசித் துப்பாக்கியானாலும் குறிபார்க்கும் தொலைநோக்கி அதன் மேல்தான் உட்காரும். பார்ப்பதற்குப் பல் பல்லாக வெட்டிய சின்னத் தண்டவாளம் போல இருக்கும். அது ஒரு மயிரிழை அசைந்தால் ஊசி ஒரு முழம் விலகிப் போகும்.

கோயம்புத்தூரிலிருந்து மூன்று ரெயில்கள் வந்து சேர்ந்தன. ஒன்று உயரமானது, நீளமானது. ஒன்று இரண்டு துண்டாக வருவது. இன்னொன்று தாழ்வானது, தட்டையானது.

"எது நல்லது டாக்டர்?" என்று கேட்டார் பொன்னுரங்கம்.

"எதுக்கு நல்லது?"

"இந்தத் துப்பாக்கிக்கு."

"துப்பாக்கிக்கு மூணுமே நல்லதுதான். நீங்களே பார்த்து ஒண்ணை மாட்டுங்க."

அவருக்கு நெஞ்சு கொஞ்சம் விரிந்தது. டாக்டர் இதுவரை யாரையும் அந்தத் துப்பாக்கியின் ஒரு திருகைக்கூடத் திருப்ப விட்டதில்லை.

உயரமான ரெயிலை அவருக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. போட்டிகளில் அவர் பயன்படுத்திய துப்பாக்கியில் இருந்த மாதிரியே இருந்தது. மாட்டினார். வைக்கோல் அடைத்த சாக்கை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, வெற்று ஊசிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடித்தார். எல்லாம் ஒரு உள்ளங்கைக்குள் போய் நின்றன. காவலர்கள் கைதட்டினார்கள்.

டாக்டர் கைதட்டவில்லை.

"கண்ணை மூடுங்க அண்ணே. துப்பாக்கியைத் தோள்ல வைங்க. கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில சாய்ங்க."

அவர் அப்படியே செய்தார்.

"இப்ப திறங்க. என்ன தெரியுது?"

"தொலைநோக்கிக்குள்ள பாதி வட்டம் தெரியுது. பாதி இருட்டு."

"அப்புறம்?"

"தலையைக் கொஞ்சம் தூக்கினா சரியாயிடும்."

"தூக்குங்க."

தூக்கினார். வட்டம் முழுசாகத் தெளிந்தது.

"இப்ப கன்னம் எங்கே இருக்கு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "காத்துல."

டாக்டர் அவர் கன்னத்துக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு விரலை நுழைத்துக் காட்டினார்.

"ஒரு விரற்கடைதானே டாக்டர்? குறி தப்பலையே. அத்தனையும் ஒரே இடத்துல நிக்குதே!"

"சாக்கு திரும்பிப் பார்க்குமா அண்ணே?"

சொல்லிவிட்டு டாக்டர் கும்கிகளைப் பார்க்கப் போய்விட்டார்.

மறுநாள் இரண்டு துண்டு ரெயிலை மாட்டினார். அது இலேசாக இருந்தது, கைக்கு அடக்கமாகவும் இருந்தது. சாக்கின் நடுவில் ஊசி நின்றது. டாக்டர் துப்பாக்கியை வாங்கி ஜீப்பின் பின்னால் போட்டுக்கொண்டு ஆற்றுப் பாறைகள் மேலேயே வண்டியை ஏற்றி இறக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்.

"இப்ப அடிங்க."

ஊசி சாக்கைத் தாண்டிப் போய் ஒரு தேக்கு மரத்தில் குத்தியது.

பொன்னுரங்கம் திருகுகளைத் தொட்டுப் பார்த்தார். ஒரு துண்டு லேசாக நகர்ந்திருந்தது. அதைக் கழற்றிப் பெட்டியில் போட்டு மூடினார். இந்த முறை டாக்டர் எதுவும் கேட்கவேண்டியிருக்கவில்லை.

மிச்சம் இருந்தது தாழ்வான ரெயில்.

அதை மாட்டுவதற்கு முன் அவர் நிறைய யோசித்தார். டாக்டர் துப்பாக்கி பிடிக்கும் விதம் அவருக்கு மனப்பாடம். ஒட்டிய கன்னம். நீண்ட கழுத்து. தலையைச் சாய்க்காமல் கன்னத்தைக் கட்டையில் ஒட்டுவார். கண் தாழ்ந்துதான் இருக்கும். அந்தக் கண்ணுக்கு எந்த உயரம், கண்ணிலிருந்து தொலைநோக்கிக்கு எவ்வளவு தூரம் என்று மனசுக்குள்ளேயே அளந்து, தாழ்வான ரெயிலை மாட்டி, தொலைநோக்கியை இரண்டு பல் முன்னால் நகர்த்தி முறுக்கினார்.

எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் நீட்டினார். "கண்ணை மூடிப் பாருங்க."

டாக்டர் கண்ணை மூடினார். துப்பாக்கியைத் தோளில் வைத்தார். கண்ணைத் திறந்தார்.

அவர் முகத்தில் அபூர்வமாகத்தான் வரும் சிரிப்பு வந்தது.

"முழு வட்டம்."

பொன்னுரங்கம் மீசையில் கைவைத்தார்.

"யாருக்காகப் பார்த்துப் பார்த்து வச்சீங்க?"

"உங்களுக்காகத்தான் டாக்டர்."

டாக்டர் துப்பாக்கியை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"கழட்டிடுங்க."

அவருக்குக் காது மடல்கள் சூடேறின. துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு நடந்தார். ஆற்றோரமாகவே நடந்தார். கும்கி வீரபாகுவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த பாகன் கெம்பன், "என்ன சார், இந்நேரத்துல?" என்று கேட்டதற்கும் நிற்கவில்லை. ஆறு வளைகிற இடம்வரை போனார். கோபம் தணிந்தது. தணிந்த இடத்தில் ஒரு கேள்வி நின்றுகொண்டிருந்தது.

திரும்பி வந்து கேட்டார்.

"நீங்கதானே டாக்டர் சுடப்போறீங்க?"

"நான்னு யார் சொன்னா?"

"எப்பவும் நீங்கதானே…"

"அவன் நிக்கிற இடத்தைப் பார்த்தீங்களா அண்ணே?"

பார்த்திருந்தார். தோட்டத்தின் கோடியில் ஒரு புல்வெளி. ஒரு பக்கம் சமதளம். மறுபக்கம் செங்குத்தான பள்ளம், அடியில் ஓடை.

"மயக்கத்துல பள்ளத்துப் பக்கம் சாஞ்சான்னா போச்சு. நெஞ்சு அமுங்கி விழுந்தாலும் போச்சு, மூச்சு விட முடியாது. விழற நேரத்துல நான் அவன் பக்கத்துல இருக்கணும். துப்பாக்கியைத் தூக்கிட்டு நான் எப்படி அங்கே ஓடறது?"

பொன்னுரங்கம் மேசையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தார்.

"உசுரு உள்ளது மேல நான் சுட்டதில்லையே டாக்டர்."

"தெரியும்."

"ஒரே தடவைன்னு சொல்லியிருக்காங்க."

"அதுவும் தெரியும். ரெயிலை மாட்டுங்க அண்ணே."

அன்று மத்தியானம் முழுவதும் அவர் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார். தாழ்வான ரெயில் அவருக்கு ஒத்துவரவில்லை. அவருடையது சதைப்பிடிப்பான கன்னம், குட்டைக் கழுத்து. கன்னத்தைக் கட்டையில் எவ்வளவு அழுத்தினாலும் கண் மேலேயே நின்றது, பாதி இருட்டு. உயரமான ரெயிலில் வட்டம் தெளிந்தால் கன்னம் காற்றில் நின்றது. கன்னத்தைச் சாய்த்தால் அங்கேயும் பாதி இருட்டு.

இத்தனை வருஷம் துப்பாக்கி பிடித்திருக்கிறார். பதக்கங்கள் வாங்கியிருக்கிறார். தன் கன்னம் எவ்வளவு தடிமன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. எந்தத் துப்பாக்கியைக் கொடுத்தாலும் அதற்கு ஏற்றாற்போல் தலையை ஒடித்து, கழுத்தை நீட்டி, எப்படியோ வட்டத்தைக் கண்டுபிடித்துக்கொள்வார். அதைத்தான் தன் திறமை என்று நினைத்திருந்தார்.

எழுந்து போய் வீரபாகுவின் முதுகில் போடும் மெத்தையிலிருந்து கொஞ்சம் தடித்த கம்பளியைக் கெம்பனிடம் கேட்டு வாங்கினார். உயரமான ரெயிலை மறுபடி மாட்டினார். கன்னம் படுகிற இடத்தில் கட்டையின் மேல் கம்பளியை மடித்து வைத்து, தோல் வாரால் இறுக்கிக் கட்டினார். கண்ணை மூடினார். தோளில் வைத்தார். திறந்தார். இன்னும் கொஞ்சம் தேவை. பிரித்து இன்னொரு மடிப்பு வைத்துக் கட்டினார்.

கண்ணை மூடித் திறந்தார்.

எதிரே இருந்த மலைச்சரிவு முழு வட்டமாக, ஓரத்தில் ஒரு துளி இருட்டும் இல்லாமல், கண்ணுக்குள் வந்து உட்கார்ந்தது. அவர் எதையும் தேடவில்லை.

டாக்டரிடம் கொண்டுபோனார்.

"இது முதல் நாள் வச்ச அதே ரெயில்தானே?" என்றார் டாக்டர்.

"அதே ரெயில்தான்."

"அப்புறம் என்ன வித்தியாசம்?"

"அன்னைக்கு நான் அதுக்காக வளைஞ்சேன் டாக்டர்."

"இன்னைக்கு?"

"நேரா இருக்கேன்."

டாக்டர் கம்பளி மடிப்பை விரலால் ஒரு முறை அழுத்திப் பார்த்தார். பிறகு அவரை மேட்டில் ஓடவிட்டு, மூச்சு வாங்க நிற்கும்போது கண்ணை மூடச் சொன்னார். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மூடச் சொன்னார். முழங்காலிட்டு மூடச் சொன்னார். மரத்தில் சாய்ந்து மூடச் சொன்னார். ஒவ்வொரு முறையும் "என்ன தெரியுது?" என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் அவர் "முழுசா" என்றார்.

கடைசியில் டாக்டர் கேட்பதை நிறுத்திவிட்டார். துப்பாக்கியைப் போட்டுக்கொண்டு ஜீப்பையும் பொன்னுரங்கமே எடுத்துக்கொண்டு போய் ஆற்றுப் பாறைகளில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். ரெயில் அசையவில்லை.

காலைப் பனி விலகியதும் கிளம்பினார்கள். இரண்டு கும்கிகளும் முன்னால் போயின. தோட்டத்துப் பெண்கள் எதிர்மேட்டில் கூடைகளோடு கூட்டமாக நின்றார்கள். ஒற்றைக் கொம்பன் புல்வெளி ஓரத்தில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நின்றுகொண்டிருந்தான். புண்ணின் வாடை அவ்வளவு தூரத்துக்கும் வந்தது.

வாக்கி டாக்கி கரகரத்தது. மாவட்ட வன அலுவலர்.

"டாக்டர், சுடறது வனவர்னு சொல்றாங்களே?"

"ஆமா சார்."

"இருக்கிறது ஒரே சான்ஸ். நீங்களே அடிச்சிடலாமே?"

பொன்னுரங்கத்துக்கும் அது கேட்டது. அவர் குனிந்து ஷூவின் கயிற்றைப் பார்த்துக்கொண்டார்.

"என்னைவிட நல்லா அடிக்கிற ஆள் கையில துப்பாக்கி இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு டாக்டர் கருவியின் ஒலியைக் குறைத்தார்.

ஊசியில் மருந்தை ஏற்றி அவர் கையில் கொடுத்தார். "தொடை. அவன் திரும்பும்போது அவசரப்படாதீங்க. திரும்பி முடிக்கட்டும்."

"சரி டாக்டர்."

டாக்டர் மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு கும்கிகள் இருந்த பக்கம் போய்விட்டார்.

பொன்னுரங்கம் தேயிலைச் செடிகளுக்கு இடையில் குனிந்தபடியே முன்னேறினார். கடைசி வரிசையில் முழங்காலிட்டார். யானை காதை விரித்தது. தும்பிக்கையை உயர்த்திக் காற்றைப் பிடித்தது. பிறகு தலை முதலில், தோள் அடுத்து, இடுப்பு கடைசியாக என்று மெதுவாகத் திரும்பத் தொடங்கியது.

அவருக்குப் பதக்கம் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஒரு கணம் கண்ணை மூடினார். துப்பாக்கி தானாகத் தோளுக்கு ஏறியது. கன்னம் கம்பளியில் பதிந்தது.

கண்ணைத் திறந்தபோது அந்த வட்டம் முழுவதும் யானை இருந்தது. சேறு காய்ந்த தோல், அதில் ஓடிய சுருக்கங்கள், ஒட்டியிருந்த ஒரு புல். யானை திரும்பி முடித்தது.

அவர் விரலை அழுத்தினார்.

ஒரு சின்னச் சத்தம். தொடையின் நடுவில் ஊசியின் சிவப்புக் குஞ்சம் நின்று ஆடியது.

யானை பிளிறிக்கொண்டு நாலடி பாய்ந்து நின்றது. எதிர்மேட்டில் பெண்களின் சத்தம் எழுந்தது. பக்கத்தில் பதுங்கியிருந்த காவலர் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். பொன்னுரங்கம் சட்டென்று தலையைத் திருப்பி டாக்டரைத் தேடினார்.

டாக்டர் அவரைப் பார்க்கவில்லை. ஊசியையும் பார்க்கவில்லை. ஊசி பாயும் முன்பே பள்ளத்தின் விளிம்புக்குப் போய்விட்டிருந்தார். இவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யானையின் கால்களையும் தரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கையை உயர்த்தினார். கெம்பன் வீரபாகுவைப் பள்ளத்துக்கும் ஒற்றைக் கொம்பனுக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினான்.

கொஞ்ச நேரத்தில் யானையின் தும்பிக்கை தொங்கியது. கண் சொருகியது. உடம்பு தள்ளாடிப் பள்ளத்துப் பக்கமே சாய்ந்தது. வீரபாகு நெற்றியைக் கொடுத்துத் தாங்கினான். இரண்டாவது கும்கி பின்னாலிருந்து தள்ளியது. டாக்டரின் குரல் மட்டும் அடுத்தடுத்து ஒலித்தது. "இந்தப் பக்கம்… இன்னும்… விடு, விடு… இப்ப!"

ஒற்றைக் கொம்பன் சமதளத்துப் பக்கம் திரும்பி, மெல்ல மடங்கி, பக்கவாட்டில் படுத்தான். நெஞ்சு அமுங்கவில்லை. மூச்சு சீராக வந்தது.

அதற்குமேல் எல்லாரும் ஓடினார்கள். யானையின் கண் மேல் ஈரத்துணியைப் போட்டார்கள். காதில் தண்ணீர் ஊற்றினார்கள். பொன்னுரங்கம்தான் கம்பியை வெட்டினார். சதைக்குள் புதைந்திருந்ததை டாக்டர் தோண்டித் தோண்டிக் காட்ட, இவர் வெட்டி வெட்டி எடுத்தார். புண்ணைக் கழுவி மருந்து அடைத்தார்கள். கடைசியில் டாக்டர் காது நரம்பில் மயக்கம் தெளியும் மாற்று மருந்தை ஏற்றிவிட்டு எல்லாரையும் விலகச் சொன்னார்.

ஒற்றைக் கொம்பன் தலையைத் தூக்கினான். ஒரு முறை முயன்று விழுந்தான். மறுமுறை எழுந்து நின்றான். நொண்டிக் காலைத் தரையில் ஊன்றிப் பார்த்தான். எடுத்தான். திரும்பவும் ஊன்றினான். பிறகு யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல், தன் வீட்டுக்குப் போகிறவனைப் போல, காட்டைப் பார்த்து நடந்தான்.

மேட்டிலிருந்த பெண்கள் குலவையிட்டார்கள். வாக்கி டாக்கியில் அலுவலர் "யார் அடிச்சது? வனவர்தானே? வனவர்கிட்ட கொடுங்க, வனவர்கிட்ட கொடுங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். பொன்னுரங்கத்தின் கையெல்லாம் ரத்தமும் சீழுமாக இருந்ததால் காவலர் ஒருவர் அதை அவர் காதருகே பிடித்தார். அவர் "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னார். மீசையைத் தடவிக்கொள்ள முடியவில்லை. ஆனால் அவர் நின்ற விதத்தைப் பார்த்து கெம்பன் யானைமேல் இருந்தபடியே சிரித்தான்.

டாக்டரும் அவரும் ஓடையில் இறங்கிக் கை கழுவினார்கள். ஒரு விஷயம் மட்டும் அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

"டாக்டர்."

"சொல்லுங்க அண்ணே."

"எல்லாரும் என்னையே பார்த்துட்டிருந்தாங்க. நீங்க மட்டும் பார்க்கலை. நான் அடிக்கிறதுக்கு முன்னாடியே திரும்பிக்கிட்டீங்க."

"ஆமா."

"ஊசி எங்கே விழுதுன்னுகூட பார்க்கலையே?"

டாக்டர் கையை உதறிவிட்டு, துப்பட்டாவின் நுனியில் ஈரத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஊசி எங்கே விழும்னு எனக்குத் தெரியும் அண்ணே. யானை எங்கே விழும்னுதான் தெரியலை."